புதன்கிழமை ரயில்

ஜனவரி 11

அண்ணிக்கு,

போனில் கேட்டால் "தூங்குறார்" என்கிறீர்கள். காலையில் கூப்பிட்டாலும் தூக்கம், மத்தியானம் கூப்பிட்டாலும் தூக்கம். போன வாரத்திலிருந்து அந்தப் பதிலும் கிடையாது. என் எண்ணையே தடுத்து வைத்துவிட்டீர்கள். தபால்காரரைத் தடுக்க முடியாது என்பதால் காகிதத்தில் எழுதுகிறேன்.

அண்ணனுக்கு ஸ்ட்ரோக் வந்து இரண்டு மாதம் ஆகப்போகிறது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு போய்விட்டது என்று ஆஸ்பத்திரியிலிருந்து நீங்கள் சொன்னதோடு சரி. அதற்குப் பிறகு உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்பதை ஊரார் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. கூடப் பிறந்தவளுக்கு இந்தக் கதி.

யார் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள். சொன்னதைக் கேளுங்கள். பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபிஸ்ட் வாசலோடு திரும்பிப் போனாராம். ஜன்னல் திரை பட்டப்பகலிலும் மூடியே கிடக்கிறதாம். நீங்கள் கத்துவது மட்டும் கீழே வரை கேட்கிறதாம். இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். உங்கள் பால்கனிப் பூந்தொட்டி மண்ணில் வெள்ளை வெள்ளையாக மாத்திரைகள் கிடந்தனவாமே? செடிக்கா ஸ்ட்ரோக் வந்தது?

நான் சலவை நிலையத்தில் வேலை செய்கிறவள். ஹோட்டல் விரிப்பும் ஆஸ்பத்திரி விரிப்பும் மலைமலையாக வந்து விழும். கறையைப் பார்த்தவுடன் இது காபி, இது துரு, இது ரத்தம் என்று சொல்லிவிடுவேன். உங்கள் வீட்டிலிருந்து வருகிற செய்தியில் ஏதோ கறை இருக்கிறது. என்ன கறை என்றுதான் பிடிபடவில்லை.

அண்ணனை எதற்காக என்னிடமிருந்து மறைக்கிறீர்கள்? அவன் நன்றாக இருக்கிறான் என்றால் ஒரு தடவை போனை அவன் காதில் வையுங்கள். பேச வேண்டாம், மூச்சு விட்டால் போதும்.

உங்கள் நாத்தனார்


ஜனவரி 19

நாத்தனாருக்கு,

உன் கடிதம் வந்தது. அவர் கண்ணில் படாமல் சமையலறையில் நின்று படித்தேன். இனிமேல் எழுதுவதாக இருந்தால் என் மூக்குக்கண்ணாடிக் கடை முகவரிக்கு எழுது. நான் அங்கே வேலைக்குப் போவது இன்னும் நிற்கவில்லை. நான் போனால்தான் வீடு ஓடும்.

உன் உளவாளி யார் என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டாம். கீழ்வீட்டு ரேடியோ. அந்தம்மா அலைவரிசை உங்கள் ஊர் வரைக்கும் எட்டுகிறது என்பதுதான் எனக்குப் புதுச் செய்தி.

பிசியோதெரபிஸ்டை நான் திருப்பி அனுப்பவில்லை. உன் அண்ணன் இடது கையால் தண்ணீர் டம்ளரை எடுத்து அவர்மீது வீசினார். திரையை நான் திறக்கிறேன். மூடும்வரை அவர் அழுகிறார். கத்துவது உண்மை. ஒரு ஆள் நாள் முழுக்கச் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்து, ஊட்டினால் வாயைத் திறக்காமல், கூப்பிட்டால் திரும்பாமல் இருந்தால் நீயும் கத்துவாய். மாத்திரை விஷயத்தில் தலையிடாதே. அது எங்கள் வீட்டுக்குள் இருக்கட்டும்.

"கூடப் பிறந்தவள்" என்று எழுதியிருக்கிறாய். கூடப் பிறந்த அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீ ஏன் ஒரு நாளாவது வரவில்லை? முட்டி வலி என்றாய். அப்புறம் லீவு கிடைக்கவில்லை என்றாய். அப்புறம் மறுபடியும் முட்டி வலி.

நீ இத்தனை கேட்டாய். நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். லிஃப்ட் மெக்கானிக்குக்கு ரயில்வே பிளாட்பாரத்தில் என்ன வேலை? அன்று புதன்கிழமை. ஏதோ கட்டடத்தில் லிஃப்ட் பழுது என்று சொல்லிவிட்டுப் போனவர் பிளாட்பாரத்து நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்திருக்கிறார். அவர் சூப்பர்வைசரைக் கேட்டேன். "புதன்கிழமையா? அவர் லீவாச்சே. மூணு வாரத்துக்கு ஒரு புதன் லீவு எடுத்துக்கிட்டுத்தான இருந்தாரு, உங்களுக்குத் தெரியாதா?" என்றார். எனக்குத் தெரியாது. அவருடைய பையில் ஒரு பெண்ணின் தலைத்துணி இருந்தது. மெல்லிய பருத்தி, பச்சை நிறம், புதுசு. எனக்கு வாங்கியது அல்ல. நான் தலைத்துணி கட்டுகிறவள் இல்லை.

அன்று ஆஸ்பத்திரியில் அவருடைய போன் அடித்தது. நான் எடுத்து ஹலோ சொல்வதற்குள், "என்னடா, ரயில் ஏறிட்டியா?" என்று கேட்டாய். என் குரல் கேட்டதும் "சும்மாதான் கூப்பிட்டேன் அண்ணி" என்று தடுமாறினாய்.

அவர் எங்கே போய்க்கொண்டிருந்தார் என்று உனக்குத் தெரியும். யாரைப் பார்க்க?


ஜனவரி 27

அண்ணிக்கு,

அப்படியா சங்கதி. இப்போதுதான் புரிகிறது. புருஷன்மேல் சந்தேகம், அதனால் தண்டனை. வாய் பேச முடியாதவனைக் கட்டிலில் போட்டு, திரையை மூடி, மாத்திரையைத் தொட்டியில் போட்டு. நீங்கள் கேட்ட கேள்விக்கு அவன் பதில் சொல்லும்வரை இப்படித்தானா?

மாத்திரை விஷயம் வீட்டுக்குள் இருக்கட்டும் என்கிறீர்கள். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற மாத்திரை அது. அதை நிறுத்தினால் இன்னொரு ஸ்ட்ரோக் வரும் என்று எனக்கே தெரியும்போது உங்களுக்குத் தெரியாதா? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். இல்லையென்றால் நான் போலீசுக்குப் போவேன். போகமாட்டேன் என்று நினைக்காதீர்கள்.

அண்ணன் நீங்கள் நினைக்கிற மாதிரி ஆள் இல்லை. அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். இதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள்.

நான் வராததற்குக் காரணம் முட்டி வலிதான்.


பிப்ரவரி 6

நாத்தனாருக்கு,

போலீசுக்குப் போ. அவர்கள் வந்தால் நாற்காலி போட்டு உட்காரவைத்து எல்லாம் சொல்கிறேன். உன்னைத் தவிர யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் இருக்கிறேன்.

மாத்திரையைத் தொட்டியில் போட்டது உன் அண்ணன்.

நான் வாயில் போட்டுத் தண்ணீர் கொடுப்பேன். விழுங்குவதுபோல் தொண்டையை அசைப்பார். கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்துக்கொண்டு, சாயங்காலம் சக்கர நாற்காலியில் பால்கனியில் விட்டதும் இடது கையால் எடுத்து மண்ணுக்குள் அழுத்திவிடுவார். எத்தனை நாளாக நடந்ததோ. நான் கண்டது கீழ்வீட்டு ரேடியோ கண்ட அதே நாளில்தான். வெளியில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "கட்டின புருஷன் இவ கையால மாத்திரைகூட வாங்கிக்க மாட்டேங்கிறான், அப்படி என்ன செஞ்சாளோ" என்றுதானே ஊர் பேசும்? ஊர் வாயை மூட எந்த வீட்டில் மூடி இருக்கிறது? இப்போது ஒவ்வொரு வேளையும் வாயைத் திறக்கச் சொல்லி விரலை விட்டுப் பார்க்கிறேன். சிறைக் காவலாளியின் வேலை.

இன்னொன்றும் சொல்கிறேன், சிரிக்காதே. பேச்சுப் பயிற்சியில் அவர் வாயிலிருந்து வந்த ஒரே சத்தம் "சீ". என்னைப் பார்க்கும்போதெல்லாம் "சீ". நான் போன் பேசிவிட்டு உள்ளே வந்தால் "சீ… சீ…". முகத்தைத் துடைத்துவிடும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு, "சீ". கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னை ஒரு கெட்ட வார்த்தை சொல்லாத மனிதர். எல்லா வார்த்தையும் போய் இந்த ஒன்றுதான் எனக்காக மிச்சம் இருந்ததா?

அப்புறம் வேறொரு எண்ணம் வந்தது. இது வசவு இல்லையோ, ஒரு பெயரின் முதல் எழுத்தோ? ஒரு நாள் மத்தியானம் பக்கத்தில் உட்கார்ந்து 'சி'யில் தொடங்குகிற பெண் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி அவர் கண்ணைப் பார்த்தேன். பெயர்கள் தீர்ந்ததும் கடை வாடிக்கையாளர்களின் பெயர்களைக்கூடச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கே என்னைப் பார்க்க அருவருப்பாக இருந்தது.

கூட வேலை பார்த்த நெட்டை செத்தபோதுகூட அழாத மனிதர் இப்போது ஒரு கரண்டி கீழே விழுந்தால் அழுகிறார். யாருக்காக அழுகிறார்?

உன் சலவை நிலையத்துக்கு போன் செய்தேன். "அவங்க வேலைக்கு வந்து ரொம்ப நாளாச்சேங்க" என்றார்கள். லீவு கிடைக்காதவள் எப்படி வேலைக்கும் போகாமல் இருக்கிறாய்? முட்டி வலி என்று மறுபடியும் எழுதாதே. முழுப் பூசணிக்காய் எவ்வளவு சோற்றில்தான் மறையும்?


பிப்ரவரி 12

அண்ணி,

உடனே எழுதுகிறேன், குறை நினைக்காதீர்கள். போலீஸ் என்று எழுதியதற்கு மன்னித்துவிடுங்கள். அல்லது பிறகு மன்னியுங்கள், முதலில் இதைக் கேளுங்கள்.

அவனை மனநல டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். கைகால் பார்க்கிற டாக்டர் போதாது. சாப்பிடாமல், வெளிச்சம் வேண்டாம் என்று, மாத்திரையை ஒளித்து வைப்பது உங்களைப் பழிவாங்க இல்லை. வாழ்ந்து என்ன ஆகப்போகிறது என்று இருப்பவன்தான் அப்படிச் செய்வான். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தால் பல பேரைப் பார்க்கலாம்.

நெட்டை செத்துப்போனாரா? அண்ணனோடு ஒரே சம்பளப் பட்டியலில் இருபது வருஷம் இருந்தவரா? எப்போது? எப்படி? என்னிடம் ஏன் யாருமே சொல்லவில்லை? அண்ணன்கூடச் சொல்லவில்லையே. அவ்வளவு தடவை

(இந்த வரியை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும்.)


பிப்ரவரி 24

நாத்தனாருக்கு,

"அவ்வளவு தடவை." அடிக்காமல் விட்டதற்கு நன்றி. அவர் உன்னை அவ்வளவு தடவை பார்த்திருக்கிறார். சரி. இன்றைக்கு அதைப் பற்றிச் சண்டை போடத் தெம்பு இல்லை.

கூட்டிக்கொண்டு போனேன். நான் போனது உன் பேச்சைக் கேட்டு என்று நினைத்துக்கொள்ளாதே. போன ஞாயிற்றுக்கிழமை அவர் நாற்காலியைத் தானாகவே உருட்டிக்கொண்டு பால்கனிக் கம்பியருகில் போய் வெகுநேரம் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். நாலாவது மாடி. சும்மா வேடிக்கை பார்த்திருக்கலாம். நான் பால்கனிக் கதவுக்குப் பூட்டு வாங்கினேன்.

டாக்டர் நடுவயதுப் பெண். உன் அண்ணனோடுதான் முதலில் பேசினார், என்னோடு இல்லை. பதில் வராது என்று தெரிந்தும் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருந்தார். பிறகு என்னை வெளியே அழைத்து, "இது மனச்சோர்வு. ஸ்ட்ரோக் வந்தவங்கள்ல நிறையப் பேருக்கு வர்றதுதான். மூளையில அடிபட்டதாலயும் வரும், அதுக்கு முன்னாடி வாழ்க்கையில பட்ட அடியாலயும் வரும். பிடிவாதம் இல்ல, நடிப்பும் இல்ல" என்றார். நடிப்பு என்று நான் சொல்லவே இல்லை. என் முகத்தில் படித்திருக்கிறார்.

"ஸ்ட்ரோக் வர்றதுக்கு முந்தின ஒரு வருஷத்துல இவருக்கு என்னென்ன நடந்துச்சு? ஒண்ணு விடாம சொல்லுங்க" என்று கேட்டார். "ஒண்ணும் இல்லையே" என்றேன். என் வாயில் வந்த முதல் பதில் அதுதான். அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. நெட்டை லிஃப்ட் குழிக்குள் விழுந்து செத்தது சென்ற மே மாதம். அன்று அந்தக் கட்டடத்துக்குப் போக வேண்டியவர் உன் அண்ணன், முறை மாற்றிக்கொண்டார்கள். சாவு வீட்டில் நெட்டையின் பெண்டாட்டி அவரைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, காலையில் வழக்கம்போல் வேலைக்குப் போனார். "கல்லு மாதிரி மனுஷன்" என்று நான் கடையில் பெருமையாகக்கூடச் சொன்னேன். ஆகஸ்டில் கம்பெனியை வேறொருவர் வாங்கினார்; உன் அண்ணனுக்குக் கீழே வேலை பழகியவர் அவருக்கு மேலே வந்து உட்கார்ந்தார். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

டாக்டர் எழுதிக்கொண்டே, "அவ்வளவுதானா? இன்னும் ஏதாவது இருக்கா?" என்றார்.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மிச்சம் உன்னிடம் இருக்கிறது. அந்த மனிதரைப் பாதிப் பாதியாக நாம் இருவரும் வைத்துக்கொண்டு, அடுத்தவள் திருடி என்று கத்திக்கொண்டிருக்கிறோம். பெண்டாட்டியாகக் கேட்கவில்லை. அது எந்தப் பெண்ணாகவும் இருக்கட்டும், நான் விழுந்து புரள மாட்டேன். டாக்டரிடம் சொல்ல வேண்டும். எழுது.


மார்ச் 2

அண்ணி,

உட்கார்ந்து படியுங்கள்.

மூன்று வாரத்துக்கு ஒரு புதன்கிழமை உங்கள் புருஷன் ரயிலேறிப் பார்க்கப் போன பெண் நான்தான்.

எனக்கு மார்பில் புற்றுநோய். ஜூன் மாதம் கண்டுபிடித்தார்கள். அண்ணனிடம் மட்டும் சொன்னேன். உங்களிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். ஏன் என்று கேட்பீர்கள். ஒரு தடவை நீங்கள், "உனக்கு ஒரு தும்மல் வந்தாலும் உங்க அண்ணன் ஓடி வரணும், இல்ல?" என்று கேட்டீர்கள். நீங்கள் மறந்திருப்பீர்கள். நான் அதைப் பத்திரமாக வைத்திருந்தேன். இந்தத் தும்மலை உங்கள் காதுக்குக் கேட்காமல் தும்ம வேண்டும் என்று வீம்பு. உங்கள் பரிதாபத்தைவிட அந்த நோயே மேல் என்று நினைத்தேன், பாருங்கள்.

மருந்து ஏற்றுகிற நாள் புதன்கிழமை. காலை ரயிலில் வருவான், ஊசி ஏறி முடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பான், என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு மாலை ரயிலைப் பிடிப்பான். நெட்டை செத்ததை என்னிடம் மூச்சுவிடவில்லை. அப்போது அவன் கூட்டாளியைப் பறிகொடுத்துச் சில வாரம்தான் ஆகியிருக்கிறது! நான் வாந்தி எடுக்க, அவன் பேசின் பிடித்துக்கொண்டு ஜோக் சொல்லிக்கொண்டிருந்தான். எப்படி முடிந்தது அவனால்?

முடி கொட்டியபோது நான் கதவைத் திறக்கவில்லை. வெளியே நின்று கெஞ்சினான். திறந்ததும் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "ஏய், முட்டையிலிருந்து இப்பதான் வந்த சிட்டுக்குருவிக் குஞ்சு மாதிரி இருக்க" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து குட்டி, குட்டி என்று கூப்பிட்டவன் அன்றிலிருந்து சிட்டு என்றுதான் கூப்பிட்டான். அந்தத் தலைத்துணி எனக்கு. பச்சை கேட்டிருந்தேன்.

அவன் விழுந்த புதன்கிழமை எனக்கு ஸ்கேன் முடிவு வருகிற நாள். மருந்து கேட்கிறதா, பரவிவிட்டதா என்று அன்றுதான் தெரியும். முந்தின நாள் போனில் நான்தான் அழுதேன். "நாளைக்கு நல்லது இல்லன்னா நான் இந்த வைத்தியமே வேணாம்னு விட்டுடுவேன்" என்றேன். அவன், "நான் வர்றவரைக்கும் எதுவும் முடிவு பண்ணாத" என்றான். வரவில்லை.

முடிவு நல்லபடியாக இருந்தது, அண்ணி. கட்டி சுருங்கியிருந்தது. டிசம்பரில் அறுவை சிகிச்சை, இப்போது கதிர்வீச்சு. அதனால்தான் வர முடியவில்லை. முட்டிக்கு ஒன்றும் இல்லை.

நான் உங்கள்மேல் பாய்ந்தது ஏன் என்று எனக்குத் தெரியும். என்னைப் பார்க்க வரும் வழியில்தான் அவன் விழுந்தான். அந்தப் பழியை யார் தலையிலாவது இறக்கி வைக்க வேண்டியிருந்தது. உங்கள் தலை பக்கத்தில் இருந்தது.

இதை டாக்டரிடம் சொல்லுங்கள்.


மார்ச் 8

குட்டிக்கு,

போனில் உன்னோடு சண்டை போட முடியவில்லை. வைத்துவிட்டு, அதற்குப் பிறகு எடுக்கவே மாட்டேன் என்கிறாய். அதனால் நானும் காகிதத்துக்கு வந்துவிட்டேன்.

உன் கடிதத்தைக் கடையில் படித்தேன். "சிட்டு" என்ற இடம் வந்ததும் லென்ஸ் தட்டை அப்படியே வைத்துவிட்டு, முதலாளியிடம்கூடச் சொல்லாமல் வீட்டுக்கு ஓடினேன். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பக்கத்தில் மண்டியிட்டு, "சிட்டுவா? நீங்க சொல்ல வந்தது சிட்டுவா?" என்று கேட்டேன்.

அவர் திரும்பினார். நான் தொட்டுத் திருப்பவில்லை, தானாகத் திரும்பினார். என் முகத்தையே பார்த்தார். பிறகு இடது கையைத் தூக்கி, விரலால் கூரையைக் காட்டி, கையை விரித்தார்.

எனக்கு முதலில் புரியவில்லை. இரண்டாவது தடவை காட்டியபோது புரிந்தது. அவள் போய்விட்டாள்தானே என்று கேட்கிறார். நீ செத்துவிட்டாய் என்றே அவர் இத்தனை மாதமும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அந்தக் கட்டிலில் படுத்து அவர் கண்ணால் பார். ஸ்கேன் முடிவு தெரியும் முன்னே விழுந்தார். கண் விழித்தபோது நீ இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஊரே வந்தது, நீ வரவில்லை. போன் அடித்தால் நான் வெளியே போய் மெதுவாகப் பேசினேன். கடிதம் வந்தால் முந்தானையில் மறைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். கீழ்வீட்டு ரேடியோ வாசலில் நின்று கிசுகிசுத்தாள். கேட்க அவருக்கு வாய் இல்லை. நான் உன்னை மறைத்தேன். அவருக்கு அது உன் சாவை மறைப்பதாகத் தெரிந்திருக்கிறது. நான் அவரைச் சந்தேகப்பட்டேன், நீ என்னைச் சந்தேகப்பட்டாய், அவர் நம் எல்லாரையும் சந்தேகப்பட்டுக்கொண்டு படுத்திருந்தார்.

"உயிரோட இருக்கா! நல்லா இருக்கா! ஸ்கேன் நல்லா வந்துச்சாம்!" என்று கத்தினேன். தலையை ஆட்டி, மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். நோயாளிக்கு ஆறுதலாகப் பொய் சொல்கிறேன் என்று நினைக்கிறார். உன் கடிதத்தைக் காட்டினேன். அவருக்கு எழுத்துகள் இப்போது கலங்கித் தெரிகின்றன, தள்ளிவிட்டார். அதனால்தான் அன்று உன்னைக் கூப்பிட்டு அவர் காதில் வைத்தேன். நீ என்ன செய்தாய்? அவர் "சீ" என்று சொன்னதும் ஒரு வார்த்தை பேசாமல் அழுதாய். அழுகைக்கு முகம் உண்டா? அது யாருடைய அழுகையாகவும் இருக்கலாமே. "பார்த்தியா?" என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

முகத்தைக் காட்டு என்றால் வேண்டாம் என்கிறாய். "என்னை இந்தக் கோலத்துல பார்த்தா அவன் இன்னும் உடைஞ்சுடுவான் அண்ணி" என்கிறாய். பிணமாக நினைத்துக்கொண்டிருப்பவருக்கு உன் கோலம் என்ன பெரிய அதிர்ச்சி கொடுத்துவிடப் போகிறது?

தும்மல் விஷயம். சொன்னேன், நினைவிருக்கிறது. அந்தக் கணக்கை நேரில் தீர்த்துக்கொள்ளலாம். இப்போது நான் கேட்பது ஒன்றுதான். வெள்ளிக்கிழமை காலை வீடியோவில் வா. தலையில் துணி கட்டாமல் வா. அந்தத் தலையைப் பார்த்தால்தான் அவர் நம்புவார்.

உன் அண்ணி


மார்ச் 15

அண்ணி,

போனை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவனுடைய கன்னம் இப்படி ஒட்டிப்போயிருக்கும் என்று நீங்கள் எழுதவே இல்லையே. நானும் எழுதவில்லை. சரிக்குச் சரி.

முதலில் அவன் நம்பவில்லை, பார்த்தீர்களா? கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பழைய வீடியோவோ என்று சந்தேகப்பட்டான். எங்கள் குடும்பத்துப் புத்தி. "என்னடா முழிக்கிற? நாக்கை நீட்டு, நானும் நீட்டுறேன்" என்று சொன்னதும்தான், அவன் நீட்ட, நான் நீட்ட, பிறகு அவன் இழுத்துக்கொள்ள, நானும் இழுத்துக்கொள்ள… நீங்கள் பின்னால் நின்று சிரித்தீர்களா, அழுதீர்களா? திரையில் உங்கள் தோள் மட்டும்தான் தெரிந்தது.

புதிதாக முளைத்திருக்கிற என் தலைமுடியைப் பார்த்துவிட்டு, சவரம் செய்யாத தன் தாடையை இடது கையால் தடவிக் காட்டினானே. இரண்டும் ஒன்று என்கிறான். பேச்சே இல்லாமல் என்னைக் கிண்டல் செய்கிறான். திமிர்.

இனி எல்லாம் சரியாகிவிடும், இல்லையா அண்ணி? சரியாகிவிடும் என்று எழுதுங்கள்.


ஏப்ரல் 20

குட்டிக்கு,

சரியாகிவிடும் என்று எழுதச் சொன்னாய். எழுத முடியாமல்தான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன்.

நானும் அன்று அப்படித்தான் நினைத்தேன். நீ உயிரோடு இருக்கிறாய் என்று தெரிந்த பிறகு என்ன வருத்தம், நாளைக்கே எழுந்து உட்கார்ந்துவிடுவார் என்று. இரண்டு நாள் நன்றாகச் சாப்பிட்டார். மூன்றாம் நாள் மறுபடியும் சுவர். எனக்கு வந்த கோபத்தில் டாக்டரிடமே போய், "இன்னும் என்னதான் வேணுமாம் இவருக்கு?" என்று கேட்டேன். அவர் பொறுமையாக, "ஒரு முள்ளை எடுத்துட்டீங்க. நல்லது. ஆனா காயம் ஆறணும்ல? எலும்பு முறிஞ்சவரை ஏன் இன்னும் நடக்கலன்னு கேப்பீங்களா?" என்றார். புது மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும், வாராவாரம் கூட்டி வாருங்கள், பால்கனிப் பூட்டு இருக்கட்டும் என்றார். இப்படி எல்லாவற்றையும் திறந்து பேசுகிற மனுஷி. எனக்கு அது நிம்மதியாக இருக்கிறது.

பேச்சுப் பயிற்சிக்காரரிடம் நெட்டையின் கதையைச் சொன்னேன். கம்பெனி ஆட்கள் மூன்று பேரை வரச் சொன்னார். வந்தார்கள், நெட்டையோடு வேலை பார்த்த நாள்களைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்கப் பேசினார்கள். நடுவில் உன் அண்ணன் வாய்விட்டு அழத் தொடங்கினார். நான் தடுக்க எழுந்தேன். அதில் ஒருவர், "விடுங்க அக்கா, நாங்களும் இன்னும் அழல" என்றார். நாலு ஆண்கள் என் கூடத்தில் உட்கார்ந்து அழுதார்கள். கீழ்வீட்டு ரேடியோ என்னவோ ஏதோ என்று மேலே ஓடி வந்தாள். இந்தத் தடவை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். ஒலிபரப்புவதை முழுசாகவாவது ஒலிபரப்பட்டும்.

நல்ல நாளும் இருக்கிறது, கெட்ட நாளும் இருக்கிறது. கெட்ட நாளில் இப்போது நான் கத்துவதில்லை. பொய், குறைவாகக் கத்துகிறேன். அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து கடைக் கதை ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பேன். கேட்கிறாரா இல்லையா என்று தெரியாது. எனக்கும் ஒன்று சொல்ல வேண்டும், வேறு யாரிடமும் சொல்ல முடியாது. டாக்டர் போன தடவை என்னைப் பார்த்து, "நீங்க தூங்குறீங்களா?" என்று கேட்டார். என் புருஷன் விழுந்த நாளிலிருந்து என்னிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. பையைத் திறந்து கர்ச்சீப் தேடினேன்.

உன் கதிர்வீச்சு முடிந்துவிட்டது என்று ரேடியோ மூலம் கேள்விப்பட்டேன். எனக்கு நேராகச் சொல்லியிருக்கலாம். இன்னும் என்னிடம் என்ன பயம்?

இன்று காலை நடந்ததைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், எங்கெங்கோ போய்விட்டேன். ரொட்டியைப் பிய்த்து ஊட்டிக்கொண்டே, "உங்க தங்கச்சிக்கு வைத்தியமெல்லாம் முடிஞ்சுதாம். உடம்பு கொஞ்சம் தேறினதும் இங்க வரச் சொல்லணும்" என்றேன். சும்மா பேச்சுக்குச் சொன்னதுதான். மென்றுகொண்டிருந்தவர் நிறுத்தினார். வாயைக் கோணி, உதட்டைச் சேர்த்து, ரொம்ப நேரம் முயற்சி செய்தார். என் மடியெல்லாம் ரொட்டித் துண்டு. பிறகு வந்தது.

"எப்ப?"

தெளிவாக வந்தது. விழுந்த நாளிலிருந்து அவர் நாளையைப் பற்றி எதுவும் கேட்டதில்லை. வெளிச்சம் வேண்டாம், மாத்திரை வேண்டாம், சோறு வேண்டாம் என்று எல்லாவற்றையும் மறுத்தே வந்தவர், இன்றைக்கு ஒன்றைக் கேட்டுவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நானாக ஒரு தேதி சொல்லிவிடலாம். ஆனால் அவரிடம் இனிமேல் ஆறுதலுக்காகக்கூடப் பொய் சொல்ல மாட்டேன். "கேட்டுச் சொல்றேன்" என்றேன். சாயங்காலத்துக்குள் இரண்டு தடவை கதவைப் பார்த்துவிட்டார்.

கேட்கிறேன், குட்டி. எப்போது வருகிறாய்?